சாம் செல்வோன்: லண்டனை எழுதிய 'மெட்ராஸ்காரர்' மகன், அம்பத்தூருக்கு அவரிடம் என்ன இருக்கிறது?

மாலை ஏழு மணி, பட்டரவாக்கம் ரயில் நிலையம். சென்ட்ரலில் இருந்து வரும் லோக்கல் ரயிலில், நைட் ஷிஃப்டுக்கு வருகிற கூட்டத்தோடு ஒரு பையனும் இறங்குகிறான். முதுகில் ஒரு பை, கையில் ஒரு வாளி, வாளிக்குள் சுருட்டிய போர்வை. ரயிலிலேயே இரண்டு ராத்திரியைக் கழித்த களைப்பு முகத்தில் தெரிகிறது. பிளாட்பாரத்தில் அவனுக்காக ஒருத்தர் நிற்கிறார். அவரும் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் வந்து இறங்கியவர். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துவிட்டு, 'இவன் வேற இன்னைக்கே வரணுமா' என்ற சலிப்போடு வந்திருக்கிறார். ஆனாலும் வாளியைக் கையில் வாங்கிக்கொள்கிறார். இருவரும் எஸ்டேட் பக்கம் நடக்கிறார்கள்.

அம்பத்தூரில் தினமும் பார்க்கிற காட்சிதான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட இதே காட்சியோடு ஓர் ஆங்கில நாவல் தொடங்குகிறது. ஊர் லண்டன், ஸ்டேஷன் வாட்டர்லூ, பனிமூட்டமான குளிர்கால மாலை. கரீபியனில் இருந்து கப்பலில் வந்து ரயில் மாறி இறங்கும் யாரோ ஒரு புதுப் பையனை அழைத்துப் போக, மோசஸ் என்பவர் அலுத்துக்கொண்டே வந்து நிற்கிறார். நாவலின் பெயர் 'தி லோன்லி லண்டனர்ஸ்'. வெளிவந்த ஆண்டு 1956. எழுதியவர் சாம் செல்வோன்.

அவருடைய அப்பா சென்னையில் இருந்து போன தமிழர்.

யார் இந்த செல்வோன்?

முழுப் பெயர் சாமுவேல் டிக்சன் செல்வோன். தமிழ்க் காதில் அந்தக் குடும்பப் பெயர் 'செல்வன்' என்றுதான் விழும். 1923 மே 20-ம் தேதி ட்ரினிடாட் தீவின் சான் ஃபெர்னாண்டோ நகரில் பிறந்தார். அப்பா மெட்ராஸில் இருந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர். அம்மாவின் வழியில் பாதி இந்தியர், பாதி ஸ்காட்லாந்துக்காரர். நாபரிமா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் ரிசர்வ் பிரிவில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தார். போர் முடிந்ததும் 'ட்ரினிடாட் கார்டியன்' பத்திரிகையில் சேர்ந்தார்.

1950-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அதே கப்பலில் பயணம் செய்த இன்னொருவர் ஜார்ஜ் லாமிங். பிற்காலத்தில் கரீபிய இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று. லண்டனில் செல்வோனுக்குக் கிடைத்த வேலை எது தெரியுமா? இந்தியத் தூதரக அலுவலகத்தில் கிளார்க். அப்பாவின் நாட்டு அலுவலகத்தில் ஃபைல் பார்த்துக்கொண்டே, தான் பிறந்த தீவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

1952-ல் முதல் நாவல் 'எ பிரைட்டர் சன்' வந்தது. நான்கு ஆண்டுகளில் 'தி லோன்லி லண்டனர்ஸ்'. அதன் பிறகு 'டர்ன் அகெய்ன் டைகர்', 'மோசஸ் அசெண்டிங்', 'மோசஸ் மைக்ரேட்டிங்' என்று தொடர்ந்தது. லண்டனில் வாழும் கறுப்பின இளைஞர்களைப் பற்றிய 'பிரஷர்' என்ற படத்துக்கு ஹோரஸ் ஓவேயுடன் சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். 1978-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பல்கலைக்கழக வேலை உடனே கிடைக்கவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தில் சில மாதம் துப்புரவு வேலை பார்த்தார். பிறகு அதே பல்கலைக்கழகம் அவரைத் தன் 'உறைவிட எழுத்தாளர்' ஆக்கிக்கொண்டது. 1994 ஏப்ரலில் சொந்த ஊருக்குப் போயிருந்தபோது ட்ரினிடாடிலேயே இறந்தார்.

ஒரு எழுத்தாளர் பெருக்கித் துடைத்த கட்டடத்திலேயே அவருடைய நாவல் பாடமாக இருந்திருக்கலாம் என்று நினைத்தால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். செல்வோனின் எழுத்தும் அந்த ரகம்தான். சிரித்துக்கொண்டே படிப்போம். பக்கத்தை மூடிய பிறகு மனசு கனக்கும்.

கரீபியனில் தமிழர் எப்படி?

பிரிட்டிஷ் காலனிகளில் 1834-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1838-ல் அடிமைகளாக இருந்தவர்கள் முழு விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். கயானாவுக்கு முதல் கப்பல்கள் 1838 மே 5-ல் போய்ச் சேர்ந்தன. ட்ரினிடாடுக்கு 1845 மே 30-ல் 'ஃபாட்டல் ரசாக்' போனது. 1917-ல் ஆள் எடுப்பது நிற்கும்வரை கயானாவுக்குச் சுமார் 2.39 லட்சம் பேரும், ட்ரினிடாடுக்குச் சுமார் 1.44 லட்சம் பேரும் போனார்கள்.

இவர்களில் பெரும்பாலானோர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள் சிறுபான்மை. கயானாவுக்குப் போன அந்த மெட்ராஸ் கூட்டம் சுமார் 15,000 பேர். அங்கே அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: 'மதராசி'. தமிழரா, தெலுங்கரா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மொழி இரண்டு, மூன்று தலைமுறைகளில் கரைந்துவிட்டது. மாரியம்மன் கரையவில்லை. கயானாவிலும் ட்ரினிடாடிலும் 'மெட்ராஸ் முறை' வழிபாடு இன்றும் தப்பு அடித்து நடக்கிறது.

பெயர்களும் தங்கிவிட்டன. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஆடிய சுழற்பந்து வீச்சாளர் வீராசாமி பெருமாளின் பெயரை ஸ்கோர்போர்டில் பார்த்துத் திகைத்தவர்கள் இங்கே நிறைய பேர். 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. அவர் ஒரு நாவலாசிரியரும்கூட. 2000-ல் வந்த அவருடைய 'ஹெண்ட்ரீஸ் க்யூர்', கயானாவின் மதராசி மீனவர் வாழ்க்கையைச் சொல்கிறது. அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1960-ல், மதராசி வம்சாவளியில் வந்த பீட்டர் கெம்படூ 'கயானா பாய்' என்ற நாவலை எழுதினார். இந்திய வம்சாவளி கயானாக்காரர் ஒருவர் எழுதிய முதல் நாவலாக அதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆக, கரீபிய இலக்கியத்தில் தமிழ்த் தொடர்புள்ள ஒரு சிறு வரிசையே இருக்கிறது. அதில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தவர் செல்வோன்.

அந்த நாவலில் அப்படி என்ன இருக்கிறது?

பெரிய கதை எதுவும் இல்லை. 1948 ஜூன் 22-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. போரில் நொறுங்கிய நாட்டைத் திரும்பக் கட்ட ஆள் தேவைப்பட்டது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் காலனி மக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கரீபியனில் இருந்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அந்தப் 'பசங்க'ளின் அன்றாடம்தான் நாவல்.

வாட்டர்லூவில் இறங்குகிற பையன் பெயர் ஹென்றி ஆலிவர். பசங்க அவனுக்கு வைக்கிற பெயர் காலஹாட். கொட்டும் குளிரில் மெல்லிய கோட்டோடு, பெட்டி படுக்கை எதுவும் இல்லாமல் வந்து நிற்கிறான். டோல்ராய் என்பவன் அம்மாவை மட்டும் எதிர்பார்த்து ஸ்டேஷனுக்கு வந்தால், அத்தை உட்படக் குடும்பமே வந்து இறங்குகிறது. வேலை தேடி அரசு அலுவலகத்துக்குப் போனால், விண்ணப்பத்தின் மூலையில் இவன் கறுப்பன் என்பதற்கு ஒரு குறியீடு போட்டுவிடுகிறார்கள். வாடகைக்கு அறை கேட்டுப் போனால், தோலைப் பார்த்ததும் 'இப்பதான் போச்சு' என்கிறார்கள்.

வேலை போன ஒரு குளிர்காலத்தில், பசி தாங்காமல் காலஹாட் பூங்காவில் ஒரு புறாவைப் பிடித்துவிடுகிறான். நாயோடு வாக்கிங் வந்த அம்மணி ஒருவர் பார்த்துவிட்டுக் கூச்சல் போடுகிறார். அவன் புறாவோடு மோசஸ் அறைக்கு ஓடி வருகிறான். இருவரும் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் பசியில்தான் அவன் புறா பிடித்தான் என்பது சிரிப்பு அடங்கிய பிறகுதான் உறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எல்லோரும் மோசஸ் அறையில் கூடிவிடுவார்கள். யாருக்கு வேலை போனது, யார் யாரிடம் கடன் வாங்கினார், ஊரில் மழையா, யார் திரும்பிப் போகப்போகிறார்? போகிறேன் போகிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே யாரும் போவதில்லை.

உங்கள் டீமில் ஆன்சைட் போய் வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு ஃபிளாட்டில் நாலு பேர், ஞாயிறு சிக்கன் குழம்பு, 'இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்கு' என்ற பேச்சு. பாஸ்போர்ட்டும் சம்பளமும் மாறியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை.

மொழியில்தான் விஷயம்

செல்வோன் இந்த நாவலை முதலில் 'நல்ல' ஆங்கிலத்தில்தான் எழுதிப் பார்த்தார். பாத்திரங்கள் பேசும்போது மட்டும் ட்ரினிடாட் பேச்சு, கதை சொல்லும்போது பாடப்புத்தக ஆங்கிலம். நாவல் நகரவே இல்லை. பிறகு கதை சொல்கிற குரலையும் பசங்களின் பேச்சு மொழிக்கு மாற்றினார். அதன் பின் ஆறே மாதத்தில் எழுதி முடித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு நாவலில் வேலைக்காரரின் பேச்சு கொச்சையாகவும், அவரை விவரிக்கும் ஆசிரியரின் மொழி சுத்தமாகவும் இருந்தால், அங்கே ஏற்கெனவே ஒரு மேடு பள்ளம் வந்துவிடுகிறது. மேலே நிற்பவர் விவரிக்கிறார், கீழே நிற்பவர் வேடிக்கைப் பொருள் ஆகிறார். செல்வோன் அந்த மேட்டைச் சமன் செய்தார். ஜமைக்காவின் வி.எஸ். ரீட் 1949-லேயே வழக்கு மொழியில் கதை சொல்ல முயன்றவர். ஆனால் அந்த மொழியை லண்டனின் நடுவீதிக்குக் கொண்டுபோய், அந்த ஊரையே அதில் விவரித்தவர் செல்வோன். ஆண்டவர்களின் தலைநகரத்தை ஆளப்பட்டவர்களின் ஆங்கிலம் பெயர் சொல்லி அழைத்தது. பின்காலனிய இலக்கியம் என்று கல்லூரிகளில் நடத்தும் பாடத்தில் இந்தச் சின்ன நாவல் தவறாமல் இடம்பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. இங்கே எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். 1942-ல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' நாவலில் கொங்கு வழக்கைக் கொண்டுவந்தார். ஜெயகாந்தன் சென்னைக் குடிசைப் பகுதிப் பேச்சை அச்சில் ஏற்றினார். கி. ராஜநாராயணன் இன்னும் ஒரு படி போனார். பாத்திரங்கள் மட்டுமல்ல, கதை சொல்கிறவரே கரிசல் வழக்கில் பேசினார். அந்தச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். இலக்கணம் கெட்டுவிட்டது என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். 1991-ல் சாகித்ய அகாடமி விருது அவரைத் தேடி வந்தது. கடல் கடந்த தமிழ் வாழ்க்கைக்கும் நம்மிடம் நாவல்கள் உண்டு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', ஷோபாசக்தியின் 'கொரில்லா' இரண்டையும் படித்தவர்களுக்கு செல்வோன் சட்டென்று பிடிபடுவார்.

நைபாலும் செல்வோனும்

கரீபியனில் பிறந்த இந்திய வம்சாவளி எழுத்தாளர் என்றதும் பெரும்பாலானோருக்கு வி.எஸ். நைபால் ஞாபகம்தான் வரும். 1932-ல் ட்ரினிடாடின் சகுவானஸில் பிறந்தவர். 1971-ல் புக்கர், 2001-ல் நோபல். செல்வோன் லண்டன் வந்த அதே 1950-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தவர். நைபாலின் அப்பாவும் செல்வோனும் ஒரே பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். நைபால், செல்வோன் இருவரையுமே பி.பி.சி. வானொலியின் 'கரீபியன் வாய்ஸஸ்' நிகழ்ச்சி தூக்கிவிட்டது.

1961-ல் வந்த நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' மகத்தான நாவல். மாமனார் வீட்டுக் கூட்டத்தில் நசுங்கி, சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடும் மனிதரின் கதை. பூந்தமல்லியிலோ ஆவடியிலோ இருபது வருஷ ஹோம் லோன் போட்டவர்களுக்கு பிஸ்வாஸை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. ஆனால் நைபாலின் பார்வை நாளாக ஆக இறுகியது. கரீபியத் தீவுகளில் எதுவும் படைக்கப்படவில்லை என்ற பொருள்படவே எழுதினார். இந்தியாவைப் பற்றி 1964-லும் 1977-லும் அவர் எழுதிய புத்தகங்கள் இங்கே பலரைக் காயப்படுத்தின. 1990-ல் எழுதிய மூன்றாவது புத்தகத்தில்தான், சென்னைக்கும் வந்து பெரியார் இயக்கம் பற்றியெல்லாம் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டார்.

இருவரில் யார் பெரியவர் என்று பட்டிமன்றம் வைப்பதில் பயன் இல்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கலாம். நைபால் கூட்டத்தில் இருந்து விலகி நின்று பார்த்தார், அதனால் கூர்மையாகப் பார்த்தார். செல்வோன் கூட்டத்துக்குள் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார். அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும் பேச்சுகள் அவருக்குக் கேட்டன. நோபல் பரிசு முதல் வகைக்குப் போயிற்று. சென்னையின் மேற்குப் புறநகருக்கு இப்போது தேவைப்படுவது இரண்டாவது வகை.

'நம்மாளு' என்று கொண்டாடலாமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'உலகையே வியக்க வைத்த தமிழன்' என்று ஒரு வீடியோ போட்டு, பின்னணியில் இசை சேர்த்து, வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது சுலபம். செல்வோன் அதற்கு ஒத்துவர மாட்டார்.

அவர் தமிழ் பேசி வளர்ந்தவர் அல்ல. சான் ஃபெர்னாண்டோ நகரத்தில் ஆங்கிலம் பேசி, கறுப்பினப் பிள்ளைகளோடு கலந்து வளர்ந்தவர். 1979-ல் ஆற்றிய ஓர் உரையில், இந்தியர், ட்ரினிடாடியர், மேற்கிந்தியர் என்ற மூன்று அடையாளங்களையும் ஒரே ஆளுக்குள் அடைப்பது எவ்வளவு சிக்கல் என்றே பேசினார். அவருடைய லண்டன் நாவலில் மையமாக நிற்பவர்களும் இந்தியர்கள் அல்ல, ஆப்பிரிக்க வம்சாவளிக் கரீபியர்கள். தன் ரத்தத்தைத் தேடாமல், தன் பக்கத்தில் நின்றவரை எழுதினார்.

குறைகளும் உண்டு. 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலில் பெண்கள் பெரும்பாலும் பசங்களின் கண் வழியாகவே வருகிறார்கள். அவர்களைப் பற்றிய பேச்சு பல இடங்களில் இன்று படிக்கக் கூசும். மளிகைக் கடைக்காரரை மிரட்டி, வெள்ளிக்கிழமை கணக்குத் தீர்க்கும் கடன் நோட்டு முறையை லண்டனுக்கே கொண்டுவரும் அந்த அத்தை ஒருவர்தான் முழு மனுஷியாக எழுந்து நிற்கிறார். இந்த விமர்சனம் நியாயமானது. அதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்படியானால் அவரிடம் நாம் உரிமையோடு எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? பெருமை அல்ல, பழக்கம். புதிதாக வந்து இறங்கியவனின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம்.

அம்பத்தூர் கணக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே வந்தவர்களால் வளர்ந்த ஊர்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களின் ஓரத்தில் முதலில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955-ல் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது ஆவடியில்தான். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு திருநெல்வேலியில் இருந்தும் விழுப்புரத்தில் இருந்தும் தஞ்சாவூரில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்றார்கள். ஒரு ரூமில் ஆறு பேர் படுத்தார்கள். 'நம்ம ஊர்க்காரர்' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். இன்று இந்தப் பகுதியின் ஐ.டி. பார்க்குகளில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு நுழைகிறவர்களில் பலருடைய அப்பாவோ தாத்தாவோ அந்த ரூமில் படுத்தவர்தான். அவர்களுக்கும் ஒரு மோசஸ் இருந்திருப்பார், ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டவர்.

செல்வோனின் முதல் நாவலான 'எ பிரைட்டர் சன்' இந்தக் கதைக்கு இன்னும் கிட்டே நிற்கிறது. டைகர் என்ற பதினாறு வயது இந்தியப் பையனுக்குக் கல்யாணம் செய்து வைத்து, கரும்புத் தோட்டத்தில் இருந்து தலைநகரின் ஓரத்தில் இருக்கும் பாரடாரியா என்ற புறநகருக்கு அனுப்பிவிடுகிறார்கள். போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் அந்தத் தோட்ட நிலங்களின் நடுவே பெரிய நெடுஞ்சாலை போடுகிறார்கள். டைகர் அந்தச் சாலை வேலைக்குப் போகிறான். எழுத்துக் கற்றுக்கொள்கிறான். பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினக் குடும்பம். 'நம்ம ஆளுங்களோட மட்டும் பழகு' என்று சொந்தக்காரர்கள் சொன்னாலும், கஷ்டம் என்றதும் ஓடி வருவது பக்கத்து வீட்டு ரீட்டாதான். வயல் போய் பைபாஸ் வந்ததையும், பக்கத்து போர்ஷனில் முன்பின் தெரியாத மொழி கேட்க ஆரம்பித்ததையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வேற்று நாட்டுக் கதையாகத் தெரியாது.

இப்போது அந்த போர்ஷனில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பையன்கள். தொழிற்பேட்டையில், கட்டட வேலையில், ஹோட்டலில், டெலிவரி பைக்கில் அவர்கள்தான். மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் பாட்டில் வந்துவிட்டது, லண்டன் கடைக்காரர் கரீபியச் சரக்கு வாங்கி வைத்த மாதிரியே. ஆனால் சமூக ஊடகத்தில் அவர்களுக்கு ஒரே பெயர்: 'வடக்கன்'. கயானாவில் தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் சேர்த்து 'மதராசி' என்று ஒரே பெயர் இருந்தது போலத்தான் இதுவும். பாஸ்கர் சக்தி இயக்கி, புலம்பெயர் தொழிலாளர் பற்றி 2024-ல் வந்த படத்துக்கு 'வடக்கன்' என்றுதான் முதலில் பெயர். தணிக்கையில் ஆட்சேபம் வந்து 'ரயில்' ஆனது. போஸ்டரில் இருந்து சொல் போய்விட்டது. கமென்ட் பாக்ஸில் இருந்து போகவில்லை.

2023 மார்ச்சில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கலாம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எப்போதோ எடுத்த காட்சிகள். போலீஸ் மறுத்தது, அரசு மறுத்தது, பீகாரில் இருந்து ஒரு குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வதந்தி பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை லட்சக்கணக்கானோர் உடனே நம்பினார்கள். அந்தப் பையன்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று இங்கேயும் அங்கேயும் யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் வதந்தி குடியேறும்.

லண்டனிலும் இதுதான் நடந்தது. செல்வோனின் நாவல் வந்து இரண்டே ஆண்டில், 1958-ல், நாட்டிங் ஹில்லில் கரீபியர்கள் மீது கும்பல்கள் பாய்ந்தன. அறுபது ஆண்டுகள் கழித்து, 2018-ல், விண்ட்ரஷ் தலைமுறையினர் பலரிடம் காகிதம் இல்லை என்று சொல்லி வேலையையும் மருத்துவத்தையும் மறுத்தது வெளியே வந்து பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டது. ஒரு நாவல் கலவரத்தை நிறுத்திவிடாது. ஆனால் 'அந்தக் கூட்டம்' என்று பேசப்பட்டவர்களை மோசஸ், காலஹாட், டோல்ராய் என்று பெயரோடு நினைவில் நிறுத்திய புத்தகம் அது. பின்னால் வந்த எத்தனையோ பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் அந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். 2024-ல்கூட லண்டனின் ஜெர்மின் ஸ்ட்ரீட் தியேட்டரில் அது நாடகமாக மேடை ஏறியது.

'வேலை போட்டி உண்மைதானே?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். குறைந்த கூலிக்கு, பி.எஃப். இல்லாமல், கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுத்தால், உள்ளூர்க்காரரின் கூலியும் சேர்ந்துதான் இறங்கும். ஆனால் அந்தக் கணக்கை எழுதுவது கான்ட்ராக்ட் முறை. ரயிலில் வாளியோடு வந்த பையன் அதில் ஒரு வரி மட்டுமே. 1838-ல் கரும்புத் தோட்ட முதலாளிகள், விடுதலையான அடிமைகள் நியாயமான கூலி கேட்காமல் இருக்கத்தான் இந்தியக் கூலிகளை இறக்கினார்கள். கோபம் முதலாளி மேல் போகாமல் 'மதராசி' மேலும், 'கூலி' மேலும் போனது. அந்தப் பகையின் வடு கயானா அரசியலில் இன்றும் ஆறவில்லை. வரலாறு ஒரு தடவை காட்டிவிட்ட குழியில், தெரிந்தே காலை விட வேண்டியதில்லை.

யார் எழுதப்போகிறார்?

வட சென்னைக்குப் பெயர் சொல்ல நாவல்களும் படங்களும் பாட்டும் உண்டு. மேற்குப் புறநகருக்கு அந்த அளவு இன்னும் அமையவில்லை. எம்.டி.எச். ரோட்டின் தூசி, ஷேர் ஆட்டோவில் இந்தியும் தமிழும் கலந்து நடக்கும் சில்லறைச் சண்டை, தொழிற்பேட்டை டீக்கடையில் 'பையா, ஏக் டீ' என்று தமிழர் கேட்க 'அண்ணா, சக்கரை கம்மியா?' என்று பீகார்க்காரர் திருப்பிக் கேட்பது. இந்த மொழி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. செல்வோன் இருந்திருந்தால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அந்த நாவலை ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்பத்தூர்ப் பெண் எழுதலாம். அல்லது இங்கேயே பிறந்து, கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் மீடியம் படிக்கும் ஒரு பீகார்த் தொழிலாளியின் மகன், இருபது வருஷம் கழித்து, நமக்கே புதிதாகப் படுகிற ஒரு தமிழில் எழுதலாம். மெட்ராஸ்காரர் ஒருவரின் மகன் லண்டனின் கதையை லண்டன்காரருக்கே சொன்னார் என்றால், பாட்னாக்காரர் ஒருவரின் மகன் சென்னையின் கதையைச் சென்னைக்குச் சொல்ல மாட்டாரா? அப்போது, 'இவன் தமிழில் எழுத என்ன உரிமை' என்று கேட்பவர்களாக நாம் இருக்கப்போகிறோமா, புத்தகத்தை வாங்கிப் படிப்பவர்களாக இருக்கப்போகிறோமா என்பதுதான் கேள்வி.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'தி லோன்லி லண்டனர்ஸ்' சின்னப் புத்தகம். பென்குயின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் கிடைக்கிறது. முதல் பத்துப் பக்கம் அந்த ஆங்கிலம் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் வசப்படும். ஆவடியில் ஏறிப் போகவர ரயிலில் படித்தால் ஒரு வாரம் தாராளம்.

படித்து முடித்த அன்று மாலை பட்டரவாக்கத்தில் ரயில் நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். வாளியோடு யாராவது இறங்குவார்கள். அவரை அழைத்துப் போக யார் வந்திருக்கிறார் என்று உங்கள் கண் தேட ஆரம்பித்திருக்கும்.